எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சருக்கு

அன்புள்ள டீச்சருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் மார்க்கெட்டில் நீ கத்திரிக்காய் வாங்கும்போது பின்னால்தான் நின்றிருந்தேன். கடைக்காரர் இரண்டு முறை "என்னம்மா?" என்று கேட்டார். மூன்றாவது முறை நீ வாயைத் திறக்கவே இல்லை. கத்திரிக்காயைக் காட்டிவிட்டு அரைக் கிலோ எடைக்கல்லைத் தொட்டுக் காட்டினாய். தோளைத் தட்டினேன். "ஒண்ணுமில்ல மேடம், தொண்டை கட்டியிருக்கு" என்றாய். எப்போதிலிருந்து என்றதற்கு, பொங்கல் லீவுக்கு முன்னாலேயே ஆரம்பித்தது, மே மாதம் முழுக்க நன்றாக இருந்தது, பள்ளி திறந்த இரண்டாவது வாரமே திரும்ப வந்துவிட்டது என்றாய்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. லீவில் சரியாகி, பாடம் எடுக்க ஆரம்பித்ததும் திரும்பி வரும் கரகரப்பைச் சளி என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. எனக்கும் இப்படித்தான் வந்தது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, விக்ஸ் மாத்திரை என்று இரண்டு வருஷத்தை ஓட்டினேன். கடைசியில் இ.என்.டி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, திரையில் காட்டினார். இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே, அரிசி நொய் மாதிரி வெள்ளையாக ஒவ்வொரு புடைப்பு. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே அந்த நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுமாம். கத்தினால் இன்னும் வேகமாக, இன்னும் அழுத்தமாக. கடப்பாரை பிடிக்கிற கை காய்த்துப்போகிற மாதிரிதான் இதுவும் என்றார்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் சில வாரம் போனேன். தொண்டைக்கு ஓய்வு தருவதாக நினைத்து அப்போது வீட்டில் குசுகுசுவென்றே பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் நாண்களுக்குச் சிரமம்தான், பேசினால் மெதுவாக வாய்விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள் என்று கடிந்துகொண்டார். அடிக்கடி செருமுவதையும் விடச் சொன்னார். நீ மார்க்கெட்டில் பேசிய நாலு வாக்கியத்துக்குள் ஐந்து முறை செருமினாய். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த அறை எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பஸ் ரோடு, மேலே கடகடக்கும் ஃபேன், முன்னால் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. சத்தமான இடத்தில் மனுஷக் குரல் நாம் நினைக்காமலே உயரும். 1911-லேயே லொம்பார்டு என்ற பிரெஞ்சு டாக்டர் இதை எழுதிவிட்டார். இன்றைக்குக் கத்தக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் போவோம், இரண்டாவது பீரியடில் கத்திக்கொண்டிருப்போம். ரிச்சி தெருவில் இடுப்பில் மாட்டும் சின்ன மைக் செட் கிடைக்கிறது. ஹெச்.எம்.மிடம் கேள். வாங்கித் தரவில்லை என்றால் நான் வாங்கித் தருகிறேன். போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாதே. எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசு.

அப்புறம் தண்ணீர். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போதும் உன் பாட்டில் நிறைந்தே இருக்கும். ஏன் என்று எனக்குக் காரணம் சொல்ல வேண்டாம். டாய்லெட் சாவி ஆபீசில் தொங்குகிறது, அதை எடுக்க எல்லார் முன்னாலும் நடக்க வேண்டும். முப்பது வருஷம் நானும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தேன். அந்தச் சாவியை ஸ்டாஃப் ரூம் ஆணிக்கு மாற்றச் சொல்லி ஒரு நாளும் நான் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கும் அதுதான் காரணம். உன்னைப் போலத் தொண்டையைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டாஃப் ரூமிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

போர்ஷன் முடியவில்லை, காலாண்டு லீவில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். கரகரப்பு மூன்று நான்கு வாரம் தாண்டினாலே டாக்டர் உள்ளே பார்க்க வேண்டும். உனக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. பெரும்பாலும் எனக்கு வந்த மாதிரிதான் இருக்கும். வேறு ஏதாவதா என்று பார்க்கத்தானே குழாய் விடுகிறார்கள். சர்வீஸ் முழுக்க நான் மிச்சம் பிடித்த சி.எல். (கேஷுவல் லீவு) ஒன்றுகூட இன்றைக்கு என் கையில் இல்லை டீச்சர், எல்லாம் அந்தந்த டிசம்பரோடு போனது.

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிடு. காலை ஏழு மணிக்குப் பெரம்பூர் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நிற்பேன். சென்ட்ரலில் இறங்கினால் எதிரேயே ஜி.ஹெச். இ.என்.டி. ஓ.பி.யில் சீட்டுப் போட்டுக்கொண்டு உட்காரலாம். கூட்டமாக இருந்தால் இருக்கட்டும், இட்லி கட்டிக்கொண்டு வருகிறேன். வருகிறாயா இல்லையா என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு. போன் செய்யாதே, வாய்ஸ் மெசேஜும் வேண்டாம்.

அன்புடன்,
உனக்கு முன்னால் அந்த வகுப்பை எடுத்தவள்