பாதி மாடு

பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமா? நீ வாங்கிக் கொடுத்த கம்பளிக் கோட்டு பாண்டிச்சேரி வெயிலில் பீரோவுக்குள் சும்மா கிடக்கிறது.

போனில் பேசினால் பாதியில் சண்டை வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

பிரான்ஸில் ஆதிகாலப் பெருங்கற்கள் இருக்கிற லொக்மரியாக்கேருக்குக் கூட்டிப்போன அன்று நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் நாள் ராத்திரி, இங்கேயுள்ள நம் வீட்டை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாம் என்று நீ சொன்ன கோபம். லோரியாங் ஊர்ப் பேருக்கே கிழக்கு என்றுதான் அர்த்தம், பாண்டிச்சேரிக்குக் கப்பல் விட்ட துறைமுகம் இதுதான் என்று மாப்பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கும் உம் கொட்டவில்லை. அவரிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்.

ஆனால் அங்கே கிடந்த அந்தப் பெரிய நெடுங்கல்லை ஒழுங்காகத்தான் பார்த்தேன். நாற்பது வருஷம் கொத்து மேஸ்திரியாக இருந்தவன் கல்லைப் பார்க்காமல் வருவானா? நாலு துண்டாக விழுந்து கிடக்கிறது. நின்றபோது 20 மீட்டருக்கு மேல் நீளம், எடை 280 டன் போல. லாரிக்குப் பத்து டன் என்று போட்டால் 28 லோடு, ஒரே கல்லில்! நான் நகர்த்தியதில் பெரியது இரண்டு டன் கருங்கல். எட்டு ஆள், கடப்பாரை, உருளைக்கட்டை. அதற்கே ஒருவன் கால்விரல் நசுங்கிப் போச்சு. அந்தக் காலத்து ஆட்கள் கி.மு. 4500 வாக்கில் இரும்பு இல்லாமல், சக்கரம் இல்லாமல், சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரூயிஸ் பக்கத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். மேல்பரப்பு முழுக்கக் கல்லாலேயே கொத்திச் சமன் செய்தது. வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவன் அங்கே நின்று அதட்டியிருக்கிறான், அது நிச்சயம்.

எப்படி விழுந்தது என்று அன்று என்னிடம் கேட்டாய். பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அடித்துண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, மற்ற மூன்றும் வேறு பக்கம். பூகம்பம் என்கிறார்கள் சிலர், மனுஷன் வேலை என்கிறார்கள் சிலர். அதன் பக்கத்தில் வரிசையாக இன்னும் 18 கல் நின்ற குழிகளைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள் அல்லவா? பூகம்பம் என்றால் அந்தக் கல்லெல்லாம் அங்கேயே விழுந்து கிடக்க வேண்டாமா? ஆள் வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள் என்பது என் கணக்கு.

அடுத்து, பத்தடி நடந்தால் வரும் அந்த மேட்டுக் கல்லறை. மார்ஷான் மேசை என்றாயே, அது. குனிந்து போனதில் முழங்கால் ரெண்டு நாள் வலித்தது. உள்ளே தலைக்கு மேலே 65 டன் மூடுகல், அதன் அடியில் கோடாலி செதுக்கியிருக்கிறது. இதே கல்லின் இன்னொரு துண்டு கடல் வழியாக நாலு கிலோமீட்டரில் இருக்கிற கவ்ரினித் தீவுக் கல்லறைக்குக் கூரையாகக் கிடக்கிறது. 1980-களில் அங்கே வேலை செய்தபோது அந்தக் கல்லின் மேல்பக்கத்தில் மாட்டு உருவம் தெரிந்தது; இங்கேயுள்ள கல்லோடு வைத்துப் பார்த்தால் முறிவு சரியாகப் பொருந்தியது. ஒரு மாடு, பாதி இங்கே, பாதி அங்கே. கல்லறை கட்டிய காலத்தில் கவ்ரினி தீவே இல்லை, கடல் பிறகுதான் ஏறி வந்தது என்று சொன்னார்கள். முன்னே பெரிதாக நின்ற 14 மீட்டர் கல்லை உடைத்து, படம் இருக்கிற பக்கம் வெளியே தெரியாமலேயே கூட வைத்து மூடியிருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். இடித்த வீட்டுத் தேக்கு உத்திரத்தை அடுத்த வீட்டு மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு ஏற்றியபோது அதன் பழைய கதையை யார் கேட்டார்கள்?

மார்ஷான் மேசைக்குள் கோடியில் நிற்கிற கல்லை மறக்க முடியவில்லை. ஆட்டுக்காரன் தொரட்டி மாதிரி வரிவரியாக, இரண்டு பக்கத்திலும். அது முதலில் வெட்டவெளியில் தனியாக நின்றதாம். கல்லறை கட்டியவர்கள் அதை அசைக்காமல், அதையே பின்சுவராக வைத்து அறையைக் கட்டினார்கள். அங்கே ரொம்ப நேரம் நின்றேன். குட்டி அழுதது என்று நீ வெளியே போய்விட்டாய்.

வீட்டை இடித்துக்கொள். தாத்தா கட்டியது என்று இனி மறிக்க மாட்டேன். ஆனால் முன்கட்டும் திண்ணையும் அதன் ரெண்டு தூணும் அப்படியே நிற்கட்டும். அதற்குப் பின்னால் கட்டு, மாடி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்று. தாழ்வாரத்து உத்திரம் 14 எண்ணி வைத்திருக்கிறேன், ரெண்டு மட்டும் செல்லரித்திருக்கிறது. இடிக்க வருகிறவன் சாமானை எடுத்துக்கொண்டு மேலே காசு தருகிறேன் என்பான், சம்மதிக்காதே. அளவெல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அங்குலக் கணக்கில்; உன் இன்ஜினியருக்கு மீட்டரில் வேண்டுமானால் மாப்பிள்ளை மாற்றித் தரட்டும்.

தை மாதம் வருகிறீர்களா என்று அம்மா கேட்கிறாள். வந்தால் அந்த வெண்ணெய் பிஸ்கட் டப்பா ரெண்டு வாங்கி வா. ஒன்று அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பா