அப்பாவுக்கு, சாவியைக் கொடுத்த மறுநாள்

அப்பா,

நேற்று கடைச் சாவியைக் கொடுத்துவிட்டோம். யாருக்கு, எவ்வளவுக்கு என்று இங்கே எழுத முடியாது. மெயின் பஜாரில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள். மூட்டை தூக்கும் அண்ணன்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வருஷம் திரும்புவதற்குள் விற்றுவிட்டார்கள் என்ற பேச்சு வரத்தான் செய்யும். தம்பி சென்னையை விட்டு வரமாட்டான். அம்மாவால் கல்லாவில் உட்கார முடியாது. நீங்கள் இருந்தபோதே கடை எந்த நிலையில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

கோவித்துக்கொள்ளாதீர்கள். கோவித்துக்கொண்டாலும் சரி.

கணக்கு நோட்டுகளை எடுக்கும்போது அந்த ஜூன் மாதம்தான் கண்முன் வந்து நின்றது. துவரம்பருப்பு லோடு வந்த நாள். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுந்த பருப்பை ஊதிப் பார்த்து, ஒன்றைக் கடித்துத் துப்பினீர்கள். வாசலில் ஒரு பையன் மார்க் ஷீட்டோடு நின்றான். அதே கையைத் துண்டில் துடைத்துவிட்டு அதை வாங்கி, பருப்பைப் பார்க்கிற மாதிரியே வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தீர்கள். கல்லாவைத் திறந்து, பணத்தை மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தீர்கள். அவன் காலைத் தொடக் குனிந்தபோது உங்களுக்கு வந்த கோபம்! "எந்திரி தம்பி. படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது." கொடுத்தவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிறவன் கூனிப்போவான் என்று பிறகு அம்மாவிடம் சொன்னீர்கள். அதை நினைத்தால் இப்போதும் உங்கள் மேல் அத்தனை பிரியம் வருகிறது.

ஆனால் அன்று காலையில்தான் நான் கோயம்புத்தூர் காலேஜ் ஃபாரத்தை உங்களிடம் கொடுத்திருந்தேன். "உள்ளூர்லயே காலேஜ் இருக்கப்போ ஹாஸ்டல் எதுக்கு?" அதோடு முடிந்தது பேச்சு. அந்த மஞ்சள் பை போவதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா. உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பையன் இப்போது நல்ல பதவியில் இருக்கிறார், அதனால் அடையாளம் சொல்லவில்லை. அவர் நம் சாதி உறவின்முறைப் பையன் இல்லை என்பதற்காக அன்று உங்களிடம் யார் யார் என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதப்போவதில்லை. அவர்களில் சிலர் உங்கள் துட்டிக்கு வந்து அழுதார்கள்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒன்று: எங்கள் ஊரில் மகமை என்று உண்டு. யாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைப்பது. 1923-இல் விருதுபட்டி விருதுநகர் ஆவதற்கு முன்பிருந்தே இருக்கிற வழக்கம். ஊர் ஒதுக்கி வைத்தவர்கள் தாங்களே பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டது இப்படித்தான். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை, வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியில் நடந்தது.

அப்பா இதை மனப்பாடமாகச் சொல்வார். "நான் படிச்சதே ஊர் அரிசியில. கொடுக்கிறது தர்மம் இல்ல, பாக்கி." ஊருக்குப் பாக்கி சரி. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகிலிருந்து திரும்பவே இல்லையே, அது எந்தப் பேரேட்டில் இருக்கிறது? நோட்டில் தேடினேன். யார் யாருக்கு ஃபீஸ் கட்டினீர்கள் என்ற பெயர்கூட இல்லை, வெறும் 'ஜூன்' என்று எழுதித் தொகை. சங்கிலிக்கு அதுவும் இல்லை.

போன வாரம் இரண்டு வீட்டிலிருந்து போன் வந்தது. நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கட்டிவிடு என்கிறாள் அம்மா. தம்பி, கடையே போன பிறகு எதற்கு என்கிறான். ஒரு பெண்ணுக்கு மட்டும் கட்டிவிட்டேன். இன்னொரு வீட்டில் முடியாது என்று நானே சொல்லிவிட்டேன், அண்ணாச்சி மகளா இப்படி என்று கேட்டார்கள். ஆமாம். என் மகளுக்கும் இந்த ஜூனில்தான் காலேஜ், அவள் கோயம்புத்தூர் கேட்கிறாள், நான் சேர்க்கப்போகிறேன்.