துவாய் சுருட்டிக் காட்டிய தங்கச்சிக்கு

கொழும்பில் ஒரு கிளினிக்கில் அம்மாவுக்கு முழங்கால் பயிற்சி காட்டித்தந்த பிசியோ தங்கச்சிக்கு இந்த நன்றி. பெயர் தெரியாது.

எக்ஸ்ரே பார்த்த டொக்டர், மூட்டுத் தேய்மானம்தான், இப்போதைக்கு ஒப்பரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார். ஊசிகூடப் போடாமல் இதென்ன வைத்தியம் என்று அம்மா முணுமுணுத்தபடிதான் உங்களிடம் வந்தார். வெளியே அவ்வளவு சனம் காத்திருந்தும், நீங்கள் ஆறுதலாக ஒரு துவாயைச் சுருட்டி அவருடைய முழங்காலுக்குக் கீழே வைத்தீர்கள். "இதை அமத்துங்கோ அம்மா, அஞ்சு எண்ணுமட்டும் விடாதேங்கோ." அவருடைய கையையே தொடையில் வைத்து, தசை இறுகுவதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். அந்தத் தசை பலமடைந்தால் மூட்டுக்கு நோ குறையும் என்பதை அம்மா அப்போதுதான் நம்பினார்.

அப்புறம் படிக்கட்டு விஷயம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில். வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத மாடிவீட்டுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ அளவு சுமை குறையும் என்றீர்களே, அதற்காகப் பிளேன்டீக்குச் சீனியை நிறுத்திவிட்டார். வடையை மட்டும் விடுவதாக இல்லை.

இப்போது மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறார். மிக்க நன்றி, தங்கச்சி.