பாப்பாவுக்கு, முருகேஷ்பாளையத்திலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். துவாரகாவில் குளிர் வந்துவிட்டதா? டிவியில் டெல்லியைக் காட்டும்போதெல்லாம் புகைதான் தெரிகிறது. ஜன்னலைச் சாத்தி வை. வெந்நீர் குடி. மூன்று வாரமாக நான் என்ன கேட்டாலும் கட்டைவிரலைத்தான் அனுப்புகிறாய். படிப்பு இருக்கும், சரி.

பெரிய மாமா வந்திருந்தார். கடன் வாங்கியாவது ஏ320 விமானம் ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியை முடித்துவிட்டால் கம்பெனிக்காரர்கள் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்கிறார். அது அந்த ஒரு ரக விமானத்துக்குத்தான் செல்லும், ஏடிஆர் ஓட்டுகிற கம்பெனி எடுத்தால் அதற்குத் தனியாகப் படிக்க வேண்டும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அதையே அவரிடம் சொன்னேன். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே பேங்கில் இருக்கிறது. குத்திக்காட்டச் சொல்லவில்லை.

200 மணி நேரம் பறந்த பெண்ணுக்குப் போன் பேச ஐந்து நிமிஷம் இல்லையா என்று அப்பாதான் கேட்கிறார். அவரே கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் உன் சி.பி.எல். பைலட் லைசென்ஸ் போட்டோவைக் காட்டுகிறார். வானிலைப் பாடம் மீட்டியராலஜியில் இரண்டு முறை 70-க்குக் கீழே வந்து மூன்றாவது முறை பாஸ் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

மெடிக்கல் தேதியை விட்டுவிடாதே. கிளாஸ் ஒன் மெடிக்கல் சர்டிபிகேட் 12 மாதம்தான் செல்லும். காலண்டரில் டிசம்பர் 9-ஐ வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர், இன்டர்வியூ எல்லாம் தாண்டினாலும் மெடிக்கல் கையில் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஜன்னலைச் சாத்தி வை. ராத்திரி தயிர் வேண்டாம்.

மாடியில் உட்கார்ந்து இறங்குகிற விமானங்களை எண்ணுவாயே, நினைவிருக்கிறதா? 2008-இல் பெங்களூரு விமான நிலையம் இங்கே பக்கத்திலிருந்து தேவனஹள்ளிக்குப் போனதும் ஒரு வாரம் அழுதாய். அழுதழுது இழுப்பு வந்து, ராத்திரி முழுக்க உன்னை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுற்றி வளைத்து எழுத இனி என்னால் முடியவில்லை. போன மாதம் பேசும்போது நடுநடுவே நிறுத்தினாய். படி ஏறி வந்தேன் என்றாய். அந்த விசில் சத்தம் எனக்குத் தெரியாதா பாப்பா?

விமானப்படையின் ஐ.ஏ.எம். மருத்துவ நிலையத்தில் கிளாஸ் ஒன் மெடிக்கலுக்கு முந்தின ராத்திரி, சமையலறை மேடையில் வைத்துப் படிவம் நிரப்பினாய். ஆஸ்துமா உண்டா என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாய். பத்து வயசுக்குப் பிறகு பெரிதாக வரவில்லையே, 'இல்லை' என்று எழுது என்றேன். "எப்போதாவது இருந்ததான்னு கேட்கிறாங்கம்மா" என்றாய். அதட்டினேன். எழுதிவிட்டாய். அதற்கு முன்னால் எடுத்த கிளாஸ் டூ மெடிக்கலிலும் அப்படித்தான் எழுத வைத்தேன். காலையில் உன் பையிலிருந்த நீல இன்ஹேலரை எடுத்து என் பர்ஸில் போட்டுக்கொண்டேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலாவதியாகி ரொம்ப நாளாகிறது.

பெண் பைலட் ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தேன். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் எனக்கு. உன் மூச்சைப் பற்றி அன்று நான் நினைக்கவே இல்லை. இப்போது நீ அங்கே தனியாக அதை மறைத்துக்கொண்டு இருக்கிறாயோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

முதலில் நல்ல நெஞ்சு டாக்டரைப் பார். அப்புறம் மெடிக்கல் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அம்மா சொல்லித்தான் எழுதினேன் என்றும் சொல். தற்காலிகமாக அன்ஃபிட் என்று போட்டாலும் திரும்பப் பார்ப்பார்கள் என்று உன் சிநேகிதி விஷயத்தில் நீயே சொன்னாய். அவர்கள் என்ன சொன்னாலும் சரி, கடனை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

உன் சின்ன வயசு ஆஸ்பத்திரி ஃபைலைக் கொரியரில் அனுப்பியிருக்கிறேன். பருப்புப் பொடிக்கு மேலேயே வைத்திருக்கிறேன், பிரித்ததும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா பால் வாங்கப் போவார். அப்போது கூப்பிடு. கட்டைவிரல் அனுப்பாதே.

அம்மா