காலை 6 மணி வேனும் பிள்ளைகளின் உறக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தை அடுத்த சிற்றூரில் வசிக்கும் நான், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்ணின் தாய். மகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேன் காலை 6.10-க்கு எங்கள் ஊர்ப் புளியமரத்தடிக்கு வந்துவிடும். அது பல ஊர்களைச் சுற்றிக்கொண்டு 7.15 மணிச் சிறப்பு வகுப்புக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், அவளை 5 மணிக்கே எழுப்புகிறோம். மாலை வகுப்பும் முடிந்து வீடு திரும்ப 7 மணி. வீட்டுப்பாடங்களை முடித்துப் படுக்க 11 மணிக்கு மேலாகிறது. பிள்ளையின் உழைப்பை மெச்சினோமே தவிர, அவளுடைய உறக்கம் ஆறு மணி நேரத்துக்கும் கீழே போய்விட்டதை நானும் பொருட்படுத்தவில்லை.

சென்ற ஆண்டு அவளுடைய பின்கழுத்து கருத்து, தோல் தடித்துப்போனது. அழுக்கு என்று எண்ணிக் கடலைமாவும் எலுமிச்சையும் தேய்த்துவந்தோம். மருத்துவரிடம் காட்டிய பிறகுதான், இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவரப் பணியாத 'இன்சுலின் எதிர்ப்பு' என்னும் நிலையின் அறிகுறியாக அது இருக்கலாம் என்று தெரிந்தது. எடையையும் உணவையும் பற்றிக் கேட்ட கையோடு, "எத்தனை மணிக்குத் தூங்குகிறாள்?" என்றும் அவர் கேட்டார். தூக்கக் குறைவு ஒன்றே காரணம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு. மாலைப் பசிக்கு அவள் வாங்கித் தின்ற பேக்கரிப் பண்டங்களும் உண்டு. ஆனால் அந்தப் பசியே உறக்கக் குறைவோடு தொடர்புடையது என்பது எனக்குப் புதிய செய்தி.

பெரியவர்களிடம் நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட சிகாகோ ஆய்வொன்றில், இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்கு, போதும் என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியிருந்தது. இங்கிலாந்தில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 4,525 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்விலோ, கூடுதல் நேரம் தூங்கியவர்களுக்கு உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் குறைவாகக் காணப்பட்டன. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வகுத்த அளவு. சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர் வாழும் நம் நாட்டில் இதை அயல்நாட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது.

"சீக்கிரம் படுக்க வைக்க வேண்டியதுதானே" என்று என்னிடமே பலர் கேட்டார்கள். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். போதாததற்கு, ஓசூர் ஆலைகளில் இரண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் அப்பாவைப் பார்க்கவென்றே விழித்திருக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவில் மட்டும் நான்கைந்து பேர். இரவை மாற்றுவது எங்கள் கையில் முழுதாக இல்லை. காலையை மாற்றுவது பள்ளிகளின் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

எனவே, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களும் முதன்மைக் கல்வி அலுவலர்களும் தனியார் பள்ளி நிர்வாகங்களை அழைத்துப் பேசி, 8.30 மணிக்கு முன் எந்த வகுப்பும், சிறப்பு வகுப்பு உட்பட, நடைபெறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேன்கள் சுற்றும் தொலைவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான வேன் நேரங்களைப் பள்ளிகள் முடிவு செய்வதற்குள், மே மாதத்திலேயே இந்தக் கூட்டம் நடந்தால் ஜூன் மாதம் முதல் எங்கள் பிள்ளைகள் கூடுதலாக ஒரு மணி நேரமாவது தூங்குவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.