வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருமுறைகூட இழப்பீடு கேட்காதவர்களுக்கும் காரின் காப்பீட்டுப் பிரீமியம் ஏறிக்கொண்டே போவது ஏன் என்று வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் கொதித்திருந்தார். விபத்தில் சிக்கிய வாகனங்களின் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபத்துக்கு உரிய இடம் வேறு ஒன்று உண்டு.

முதலில் அவர் கேட்டதற்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பம்பர் நசுங்கினால் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். இன்று பல கார்களில் அதே பம்பருக்குள் சென்சார் இருக்கிறது. முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் கேமராவின் பார்வைக் கோணத்தையும் கருவி வைத்துச் சரிசெய்தாக வேண்டும். இல்லையென்றால் தானாகப் பிடிக்க வேண்டிய பிரேக் தவறிவிடலாம். ஒரு மாடலின் பழுதுபார்ப்புச் செலவு கூடும்போது, அந்த மாடலை வைத்திருக்கும் எல்லோருடைய பிரீமியமும் கூடுகிறது. இழப்பீடு கேட்காதவருக்குப் போனஸ் தள்ளுபடி உண்டுதான். ஆனால் அது ஏறிவிட்ட தொகையிலிருந்து கழிக்கப்படுகிறது.

மீதியெல்லாம் காப்பீட்டுப் படிவத்தில் நாம் தரும் பதில்களைப் பொறுத்தது. வண்டியை யார் ஓட்டுகிறார்கள், அவர்களின் வயது என்ன, முன்பு விபத்து உண்டா, சொந்த உபயோகமா வாடகையா, இரவில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று நாட்டுக்கு நாடு கேள்விகள் மாறும். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கே பெரிய சட்டப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. ஆணா பெண்ணா என்று பார்த்துக் கட்டணம் மாறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், ஒருவர் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதுகூட கார் பிரீமியத்தை மாற்றும். கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் அதற்கு அனுமதி இல்லை.

நீதிமன்றம் வரை போய்த் தீர்மானிக்கப்படும் இந்தக் கேள்விகளுக்கு, நம் பெயரில் ஏஜென்ட் தாமாகவே பதில் எழுதிக்கொள்கிறார். நாம் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். இதுதான் என்னைப் பணிக்காலம் முழுவதும் வாட்டியது.

ஒருவர் தம் வேனில் வாடகைக்குச் சரக்கு ஏற்றிப் பிழைத்துவந்தார். அதை ஏஜென்டிடம் மறைக்கவும் இல்லை. படிவத்திலோ 'சொந்த உபயோகம்' என்று எழுதியிருந்தது, பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. சரக்கோடு வண்டி கவிழ்ந்தது. படிவத்தை நான் காட்டியபோது, “இது என் எழுத்து இல்லை சார்” என்றார். கையெழுத்து அவருடையது. நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதுவது என் கடமை, எழுதினேன். பிழைப்புக்கு இருந்த ஒரே வண்டியை அவர் இழந்தார். ஏஜென்டுக்கோ அந்தப் பாலிசியின் கமிஷன் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், “எவ்வளவு குறைத்துத் தருவீர்கள்?” என்று ஏஜென்டிடம் பேச்சைத் தொடங்காதீர்கள். குறைத்துக் காட்டுவது மிக எளிது. வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதினால் போதும். திருடுபோனால் அந்தக் குறைந்த மதிப்புதான் கைக்கு வரும். ஒவ்வொரு சேதத்திலும் நீங்களே ஏற்க வேண்டிய பங்கை உயர்த்தினாலும் பிரீமியம் இறங்கும். கையில் சேமிப்பு உள்ளவருக்கு அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். இன்னும் சிலருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மட்டும் விற்றுவிடுவார்கள். அடுத்தவருக்கு நேர்ந்த இழப்பை அது ஈடுசெய்யும். உங்கள் வண்டிக்கு ஒன்றும் தராது.

நல்ல ஏஜென்ட் விலை சொல்வதற்கு முன் உங்களைத் துளைத்து எடுப்பார். எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தச் சூழ்நிலையில் இந்தப் பாலிசியில் பணம் கிடைக்காது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் தயங்காமல் சொல்லத் தொடங்குவார். “அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பவரிடம் படிவத்தைக் கொடுக்காதீர்கள். அவர் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் விற்பவரா, பல நிறுவனங்களை ஒப்பிட்டுச் சொல்லும் தரகரா என்பதையும், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தரகர் என்பதால் மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், அவருக்கும் பெரும்பாலும் நிறுவனத்திடமிருந்துதான் கமிஷன் வருகிறது.

கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு ஒரு கோரிக்கை. நிரப்பப்பட்ட படிவத்தின் நகலைப் பாலிசியோடு சேர்த்து, வாடிக்கையாளர் படிக்கும் மொழியிலேயே, அவருக்கு நேரடியாக அனுப்புவதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். தவறான பதிலைத் திருத்த அவகாசமும் தர வேண்டும். ஏஜென்ட் எழுதிய பொய் என்று தெரியவந்தால், தண்டனை வண்டிக்காரருக்கு மட்டும் என்றிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு சர்வேயர்