பெர்க் என்றால் அரசர் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியிலுள்ள பவேரியாவின் அரசர் இரண்டாம் லுட்விக் இறந்த ஏரிக்கரையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். என் மகள் மியூனிக்கில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கியிருந்த இரண்டு கோடைகளில் அதே பெர்க் கிராமத்துக்கு நானும் போய்வந்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கட்டுரையில் அரசர் இருக்கிறார், அரண்மனை இருக்கிறது, சதியும் இருக்கிறது. ஊரைத்தான் காணோம்.

முதலில் ஒரு திருத்தம். "ஆழங்காண முடியாத ஏரி அரசரை விழுங்கியது" என்கிறார் கட்டுரையாளர். ஏரியின் ஆழத்தை எப்போதோ அளந்துவிட்டார்கள். மிக ஆழமான இடத்தில் 127 மீட்டருக்கு மேல். ஆனால் அரசர் இறந்தது கரையோரத்தில். அந்த இடத்தில் தண்ணீருக்குள் ஒரு மரச்சிலுவை நட்டிருக்கிறார்கள். நான் பார்த்த அன்று அதன் அடியில் கூழாங்கற்கள் எண்ணிவிடலாம் போலத் தெளிவாகத் தெரிந்தன. ஆறடிக்கு மேல் உயரமான, நன்றாக நீந்தத் தெரிந்த நாற்பது வயது மனிதர் அந்தத் தண்ணீரில் எப்படி மூழ்கினார்? ஊர்ப் பேச்சு அடங்காததற்குக் காரணமே அதுதான். ஏரி ஆழமென்று எழுதிவிட்டால் கேள்வியே இல்லாமல் போய்விடுகிறதே!

மருத்துவர் குடென் அரசரை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமலேயே மனநோயாளி என்று அறிக்கை கொடுத்ததைக் கட்டுரை சரியாகச் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையின் பேரில் 1886 ஜூன் 12 அன்று அரசரைப் பெர்க்குக்குக் காவலில் கொண்டுவந்தபோது, அவர் ஆண்டுதோறும் ஆசையாக வந்து தங்கிய அதே அறைகளில் கதவுப் பிடிகளைக் கழற்றி, கதவில் வேவுத் துளைகள் போட்டிருந்தார்கள். மறுநாள் மாலை உலாவப் போன அரசரும் மருத்துவரும் இரவில் பிணங்களாகக் கிடைத்தார்கள். அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

இனி ஊருக்கு வருகிறேன். பெர்க் அரண்மனையை 1676இல் வாங்கியவர் பவேரிய ஆட்சியாளர் ஃபெர்டினாண்ட் மரியா. வெனிஸ் நகரத்துக் கப்பலைப் பார்த்து, நூறு பேருக்கு மேல் துடுப்புப் போடும் உல்லாசக் கப்பல் ஒன்றை இந்த ஏரியில் மிதக்கவிட்டவரும் அவர்தான். அது ராஜாக்களின் காலம். ஊரைப் புரட்டிப்போட்டவை என்னவோ 1851இல் வந்த நீராவிப் படகும், 1854இல் மியூனிக்கிலிருந்து அதே ஏரிக்கரையிலுள்ள ஸ்டார்ன்பெர்க் வரை வந்த ரயிலும்தான். பட்டணத்துப் பணக்காரர்கள் கோடைக்கு வந்தார்கள், கரையோர நிலங்களை வாங்கினார்கள், மாளிகைகள் கட்டினார்கள். மீனவர்களும் குடியானவர்களும் இருந்த கரை கைமாறிப் போயிற்று.

இந்த மாற்றத்தை ரொட்டிக் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அந்த ஊரில் இருந்தது. அரசர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1894இல், பதினொரு பிள்ளைகளில் ஒன்பதாவதாக அங்கே பிறந்தவர் எழுத்தாளர் ஆஸ்கர் மரியா கிராஃப். பெர்க்கைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு இவர் பெயரை விட்டுவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா இறந்த பின் கடை அண்ணன் கைக்கு வந்தது. மாவு பிசையும் நேரம் போக ஒளித்துவைத்துப் படித்த புத்தகங்களுக்காக அண்ணனிடம் அடிவாங்கி, பதினேழு வயதில் மியூனிக்குக்கு ஓடிப்போனார். 1933இல் நாஜிகள் புத்தகங்களை எரித்தபோது, இவர் புத்தகங்களில் பெரும்பாலானவற்றைப் படிக்கத் தகுந்தவை என்று பட்டியலிட்டார்கள். கிராஃபுக்கு வந்ததே கோபம்! "என்னை எரியுங்கள்" என்ற தலைப்பில் வியன்னா பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டார். பிறகு குடியுரிமை பறிபோயிற்று. 1938இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பவேரியக் குடியானவர்களின் தோல் அரைக்கால்சட்டையை அந்த மாநகரத்திலும் விடாமல் போட்டுக்கொண்டு திரிந்தவர் அவர்.

குடியானவர் வீட்டுப் பெண்ணான தன் தாயின் வாழ்க்கையை அவர் எழுதிய நூல் 1940இல் முதலில் ஆங்கிலத்தில் வெளிவந்தது, ஜெர்மனில் 1946இல்தான். அரசரின் சாவும் அதில் உண்டு. ஆனால் கறக்கவும் அறுக்கவும் ரொட்டி சுடவும் வேண்டியிருந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் அங்கே விஷயம்.

இன்னொன்று. பெர்க்கிலிருந்து மேட்டில் ஏறினால் அவுஃப்கிர்ஷென். கிராஃப் பள்ளிக்கூடம் போனது அங்கேதான். 1945 ஏப்ரல் கடைசியில் நாஜிகளின் டாக்காவ் வதைமுகாம் கைதிகளை நடக்க நடக்க விரட்டிச் சென்ற பாதையில் அந்த ஊரும் இருக்கிறது. குனிந்து தள்ளாடி நடக்கும் உருவங்களின் சிற்பம் ஒன்று அங்கே நிற்கிறது. சிலுவையைப் படம் எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த மேடு ஏறுகிறார்கள் என்று தெரியவில்லை. நானே இரண்டாவது முறைதான் ஏறினேன்.

கடைசியாக, "பெர்க் அரண்மனை" என்று நீங்கள் அச்சிட்டிருக்கும் படத்தில் இருப்பது மலையுச்சியிலுள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. அரசரை அங்கிருந்துதான் பெர்க்குக்குக் கொண்டுவந்தார்கள். பெர்க் அரண்மனை இன்றும் பழைய அரச குடும்பத்தின் சொந்த வீடு. யாரையும் உள்ளே விடுவதில்லை. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் மகளுக்கும் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
திருநெல்வேலி